சந்துக்குக் கூரை போட்ட வீடு

பிள்ளைகளா,

போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் ஸ்கேலும் நூலுமாக நம் வீட்டு அறையை அளந்துகொண்டிருந்தீர்கள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த வீட்டுப்பாடம். அளந்து முடித்ததும் பெரியவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "என் ஃபிரண்ட் வீட்டு பாத்ரூமே இதைவிடப் பெரிசுப்பா" என்றாள். சின்னவன் உடனே "ஆமா" போட்டான். அவன் அந்த வீட்டைப் பார்த்ததே கிடையாது.

அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பதில் சொல்ல எனக்கு எப்போதுமே கொஞ்சம் நாள் பிடிக்கும். இப்போது எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டிப் படியுங்கள், முடியாத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்று லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போனவன். பெரிய பெரிய வார்த்தைகள் எனக்கும் வராது. அதனால் பயப்பட வேண்டாம்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது பார்த்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லப் போகிறேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கட்டடங்களுக்குள் புகுந்து புறப்பட்டிருக்கிறேன். மந்திரிகள் இருக்கிற கட்டடம், இருபது மாடிக் கட்டடம், கண்ணாடியிலேயே செய்த கட்டடம். எதுவும் என்னை வாயைப் பிளக்க வைத்ததில்லை. அந்த வீடு வைத்தது. எந்த வீடு என்று போகப் போக உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்போது நாங்கள் ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு பால்கனி. அப்பா, அதாவது உங்கள் தாத்தா, ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தா. அப்பாவின் தங்கையும் எங்களோடுதான் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பரீட்சை எழுதி, ஸ்டெனோ வேலை கிடைத்து வந்தவர். அத்தைக்குத் தாய் தகப்பன் இல்லை, எல்லாம் அண்ணன்தான். அறை இரண்டும் எங்களுக்கே போதாது. அதனால் பால்கனியைத் தகரமும் தார்ப்பாயும் வைத்து அடைத்து, மடக்குக் கட்டில் ஒன்று போட்டு, அதை அத்தையின் அறை என்று சொல்லிக்கொண்டோம். டில்லிக் குளிர் தார்ப்பாய்க்கு அடங்குமா? அத்தை ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்குவார். எங்கள் வீட்டு ஸ்வெட்டர்கள் எல்லாமே அத்தை பின்னியவை. ஆபீஸ் பெண்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புல்வெளியில் வெயில் காய்ந்தபடி பின்னுவார்களே, அப்படிப் பின்னியவை. அப்பாவுக்கு ஒரு கருநீல ஸ்வெட்டர். அதைப் போடாமல் அப்பா குளிர்காலத்தில் வாசல் தாண்ட மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சொன்னார்: "ஏல, கிளம்பு. பழைய டில்லில ஒரு அதிசய வீடு இருக்காம். டில்லிலயே ஒடுக்கமான வீடு. பாத்துட்டு வருவோம்."

எனக்குச் சொன்னது அவ்வளவுதான். சொல்லாதது இது: அத்தையோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்தவர் ஒருவர் அத்தையைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருந்தார். இந்திக்காரர். அத்தைக்கும் இஷ்டம். அப்பாவுக்குப் பயம். மொழி வேறு, சாப்பாடு வேறு, ஊரில் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற யோசனை வேறு. கடைசியில் அத்தை, "அண்ணே, ஒரு தடவை அவுக வீட்ட வந்து பாரு. பாத்துட்டு வேண்டாம்னு சொன்னா, அதுக்குமேல நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு நாங்கள் போனது வீடு பார்க்க மட்டும் இல்லை. அத்தை எந்த வீட்டில் வாழப் போகிறார் என்பது அன்று சாயங்காலத்துக்குள் முடிவாக வேண்டியிருந்தது. இது தெரியாத ஆள் எங்கள் நான்கு பேரில் நான் ஒருத்தன்தான்.

பஸ் ஸ்டாப்பில் அப்பா எல்லோருக்கும் ஒரு கட்டளை போட்டார்.

"அங்கன போனா யாரும் கை நனைக்கப்பிடாது. பச்சத்தண்ணி கூடக் குடிக்கப்பிடாது. கேட்டியால?"

"ஏம்ப்பா?"

"வயிறு கெட்டுப் போவும்."

அது பொய். இதையும் உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பக்கம் பெண் பார்க்கப் போனாலும் சரி, மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனாலும் சரி, சம்மதம் என்று முடிவாகிற வரைக்கும் அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் சொன்னதாக அர்த்தம். சாப்பிட்ட பிறகு மாற்றிப் பேசுவது மகா கேவலம். அப்பா தன் பதிலைக் கையில் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தார். அதற்காக எங்கள் நான்கு வயிற்றையும் பூட்டிவிட்டார்.

அம்மா அத்தையைப் பார்த்தார். அத்தை பஸ் வருகிற திசையைப் பார்த்தார்.

செங்கோட்டைப் பக்கம் இறங்கி, சைக்கிள் ரிக்‌ஷா ஏறினோம். சாந்தினி சௌக்கில் பெரிய தெருவாக இருந்தது உள்ளே போகப் போகச் சின்னத் தெருவாயிற்று. பிறகு ரிக்‌ஷா நுழையாத சந்து. பிறகு இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்து. தலைக்கு மேல் மின்சாரக் கம்பிகள் சிக்குப் பிடித்த கூந்தல் மாதிரி தொங்கின. எங்கிருந்தோ நெய் காயும் வாசனை வந்தது. அம்மா புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இதுக்குமேல ஒடுங்கிச்சின்னா மூச்ச இழுத்துப் பிடிச்சிக்கிட்டுதான் நடக்கணும்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். உலகமே எனக்கு ஏற்ற அளவுக்குச் சின்னதாகிக்கொண்டு வருவது போல இருந்தது.

அந்த வீடு இரண்டு பெரிய பழைய மாளிகைகளுக்கு நடுவில் இருந்தது. நெரிசலான பஸ்ஸில் இரண்டு குண்டு ஆட்களுக்கு நடுவே ஒருவர் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அப்படி. கீழே ஒரு கதவு. கதவுக்கு மேலே ஒரு ஜன்னல். அதற்கு மேலே ஒரு ஜன்னல். அதற்கும் மேலே ஒன்று. பக்கத்தில் எதுவும் இல்லை, எல்லாம் மேலேதான். விரல் தடிமனே உள்ள சின்னச் சின்னப் பழைய செங்கற்கள். கதவு நிலையில் கல்லில் செதுக்கிய இரண்டு மீன்கள் தேய்ந்துபோயிருந்தன. நான் தலையை அண்ணாந்து பார்த்துப் பார்த்து, குல்லாய் கழன்று பின்னால் விழுந்துவிட்டது.

உள்ளே நுழைந்ததும் அப்பா செய்த முதல் காரியம், இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினார். இரண்டு உள்ளங்கைகளும் இரண்டு சுவர்களில் பதிந்தன. சிலுவை போல அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். நானும் நீட்டிப் பார்த்தேன். என் கை ஒரு சுவருக்குக்கூட எட்டவில்லை. நடுவில் நின்று காற்றைத்தான் பிடித்தேன்.

"நம்ம பால்கனி அகலந்தானே இருக்கு" என்று அம்மா அடிக்குரலில் சொன்னார்.

"பழகுன அகலந்தான் மதினி" என்றார் அத்தை.

அப்பா கைகளைக் கீழே இறக்கிவிட்டார்.

அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். அத்தையைக் கேட்டிருந்தவரும், அவருடைய அம்மாவும். அவர் கண்ணாடி போட்டவர், வெடவெடவென்று ஒல்லி. அந்த வீட்டில் வளர்ந்தால் வேறு எப்படி வளர முடியும் என்று நினைத்துக்கொண்டேன். "வணக்கம், நல்லா இருக்கீங்களா, உக்காருங்க" என்று ஒரே மூச்சில் தமிழில் சொல்லிவிட்டு, கைவசம் இருந்த தமிழ் தீர்ந்துபோய்ச் சிரித்தார். அவருடைய அம்மாவை நான் மாஜி என்று கூப்பிட வேண்டும் என்றார்கள்.

உட்காருவதே ஒரு வேடிக்கை. எதிரும் புதிருமாக உட்கார இடம் கிடையாது, முட்டி இடிக்கும். அதனால் சுவரோரம் நீளமாக ஒரு பெஞ்சு. எல்லோரும் ஒரே வரிசையில் எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். ஒரு முனையில் மாஜி, அடுத்து அத்தை, அம்மா, நான், மறுமுனையில் அப்பா. மாஜி அப்பாவிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் முன்னால் எட்டிப் பார்ப்பார். பதில் சொல்ல அப்பா எட்டிப் பார்ப்பார். நடுவில் நாங்கள் மூன்று பேரும் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விடுவோம். இடது சுவருக்கு அந்தப் பக்கம் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. வலது சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோவில் செய்தி வாசித்தார்கள்.

"எங்களுக்குன்னு பக்கச் சுவர் கிடையாது" என்று மாஜியின் மகன் இந்தியில் சொன்னார். "இது அவங்க சுவர், அது இவங்க சுவர். முன்னால இருக்கிற கதவும் பின்னால இருக்கிற ஜன்னலும் மட்டும்தான் எங்களுது."

பக்கச் சுவரே இல்லாத வீடு! எனக்குப் புல்லரித்தது.

ஆனால் பெரிய அதிசயம் தலைக்கு மேலே இருந்தது. பக்கத்தில் ஜன்னல் வைக்க முடியாத வீட்டுக்குள் வெளிச்சம் எப்படி வருகிறது என்று யோசித்தீர்களா? ஒவ்வொரு மாடியின் தரையிலும் நடுவில் ஒரு சதுர ஓட்டை. அதன்மேல் கனமான இரும்புக் கம்பிகள். கம்பி மேல் ஆள் நடக்கலாம். மொட்டைமாடித் தரையிலும் அதே இடத்தில் அப்படி ஒன்று. ஆகாயத்திலிருந்து விழுகிற வெயில் ஒவ்வொரு மாடியாக இறங்கி, கடைசியில் கீழே பெஞ்சின் முனையில் வந்து விழும். அப்பா உட்கார்ந்திருந்தது அந்த முனையில்தான். கருநீல ஸ்வெட்டர்மேல் வெயில் கட்டம் கட்டமாக விழுந்து, அப்பா ஏதோ கூண்டுக்குள் இருப்பவர் போலத் தெரிந்தார்.

மாஜி தட்டுகளைக் கொண்டுவந்தார். நெய்யில் பொரித்த சூடான கச்சோரி, உருளைக்கிழங்குக் குழம்பு, கேரட் அல்வா. நெய் வாசனை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது.

"நஹி மாஜி" என்று அப்பா நெஞ்சில் கை வைத்தார்.

"தண்ணியாவது?"

"நஹி நஹி. தண்ணியும் வேண்டாம்."

எங்கள் வீட்டில் வந்தவர்கள் சாப்பிடாமல் போனால் அம்மாவுக்கு மூன்று நாளைக்கு ஆறாது. மாஜிக்குக் கோபம் வருமென்று நான் பயந்தேன். கோபமே இல்லை. அவர் முகம் விளக்கு ஏற்றிய மாதிரி ஆகிவிட்டது. அத்தையின் கன்னத்தைத் தடவினார். அப்பாவைப் பார்த்துக் கைகூட எடுத்துக் கும்பிட்டார். இந்த வீட்டில் சாப்பிடாமல் இருந்தால்தான் சந்தோஷப்படுவார்கள் போல, என்ன விசித்திரமான வீடு என்று எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகுதான் மாஜி அந்த வீட்டின் கதையைச் சொன்னார். எந்த ராஜா காலம் என்றெல்லாம் அவருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் இருந்த மாளிகைகள் அண்ணன் தம்பி இரண்டு பேருடையவை. நடுவில் இருந்தது பல்லக்கு போகிற சந்து. அவர்களுடைய தங்கை, புருஷன் செத்துப்போய், திரும்பி வந்தாள். அண்ணன் சொன்னான், தம்பி வீட்டுக்குப் போ. தம்பி சொன்னான், அண்ணன் வீட்டுக்குப் போ. இரண்டு கதவையும் சாத்திவிட்டார்கள். அவள் எங்கே போவாள்? சந்தில் நின்றாள். அன்று ராத்திரி சந்திலேயே படுத்தாள். மறுநாள் தலைக்கு மேல் ஒரு ஓலைத் தட்டியை இழுத்துப் போட்டாள். அப்புறம் முன்னால் ஒரு கதவு. அப்புறம் மேலே ஒரு மாடி.

"அவங்க மாளிகை இரண்டும் இப்ப பாதி குடோன், பாதி வாடகை வீடு" என்றார் மாஜி. "இடிஞ்சு விழாம நிக்கிறது எங்க சந்துதான். இந்த வீடு ஒரு பொம்பளை கட்டின வீடு, பேட்டா."

மாஜியின் இந்தியை அம்மாவுக்காக அத்தைதான் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு கதவும் சாத்தின இடத்தில் அத்தையின் குரல் கொஞ்சம் நின்றது. பிறகு தொடர்ந்தது. அப்பா எட்டிப் பார்க்கவே இல்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஜி எழுந்து ஒரு தட்டில் புதிதாகப் பொரித்த கச்சோரிகளை வைத்து அத்தையின் கையில் கொடுத்து, "பையனை மேலே கூட்டிட்டுப் போம்மா, நல்ல வெயில்" என்றார்.

படியின் அடியில் ஒரு கயிறு தொங்கியது. "மணி அடிச்சிட்டுத்தான் ஏறணும்" என்று மாஜியின் மகன் எனக்குக் காட்டினார். படிக்கட்டில் ஒரு ஆள் மட்டும்தான் போக முடியும். மணி கேட்டால் மேலே இருக்கிறவர்கள் இறங்காமல் காத்திருக்க வேண்டும். தெரியாமல் நடுவழியில் சந்தித்துக்கொண்டால் இறங்குகிறவர்தான் திரும்பி மேலே ஏற வேண்டும், ஏறுகிறவர் கையில் சுமை இருக்கும் என்பதால். அந்த வீட்டின் சட்டம் அது. நான் கயிற்றை இழுத்தேன். உச்சியில் எங்கேயோ டிங் என்று கேட்டது. ஒரு வீட்டுக்கு நாம் வருவதை வீட்டிடமே சொல்லிவிட்டு ஏறுவது எவ்வளவு கம்பீரமாக இருந்தது தெரியுமா?

படிகள் குகை மாதிரி இருந்தன. இருட்டு, குளிர், தோள் இரண்டும் சுவரில் உரசின. ஏறி ஏறி, ஒரு சின்னக் கதவைத் தள்ளினேன்.

பிள்ளைகளா, அதுவரைக்கும் நான் ஆகாயத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன். நாங்கள் அவ்வளவு உயரத்தில் இருந்தோம். சுற்றிலும் மொட்டைமாடிகள், படி படியாக, கடல் அலை மாதிரி. அதற்கு அப்பால் ஜும்மா மசூதியின் வெள்ளைக் கும்மட்டங்கள். யாரோ ஒருவர் துணியை வீச, ஒரு கூட்டம் புறாக்கள் ஒன்றாகத் திரும்பின. திரும்பும்போது எல்லாம் ஒரே சமயத்தில் வெள்ளையாகின. இரண்டு பக்கமும் மாளிகைகளின் கூரைகள் எங்களுக்குக் கீழே தகரமும் இடிபாடுமாகக் கிடந்தன. அந்த ஒல்லி வீடுதான் எல்லாவற்றையும்விட உயரமாக, கப்பலின் முனை மாதிரி நின்றது. அகலம் இல்லாததையெல்லாம் அது ஆகாயத்தில் வாங்கிக்கொண்டுவிட்டது.

அத்தை தட்டைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு வெயிலில் நின்றார். ஸ்வெட்டரைக் கழற்றினார். அத்தை குளிர்காலத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

நான் தரையில் இருந்த கம்பிச் சதுரத்தின்மேல் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தேன். கிணற்றுக்குள் பார்ப்பது போல இருந்தது. கம்பிக்குக் கீழே கம்பி, அதற்கும் கீழே கம்பி, எல்லாவற்றுக்கும் அடியில், வெயில் விழுந்த இடத்தில், அப்பாவின் தலை, தோள், முழங்கால். அப்பாவை மேலே இருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. நடுமண்டையில் முடி கொட்டியிருந்தது. அவ்வளவு சின்னதாக இருந்தார்.

"அத்தே, இங்கேருந்து எல்லாரும் தெரியறாங்க!"

"இந்த வீடு உனக்குப் பிடிச்சிருக்கால?"

"ரொம்ப அச்சா இருக்கு. அத்தே, பசிக்குது."

"அப்பா என்ன சொன்னாவ?"

"வயிறு கெட்டுப் போவும்னு சொன்னாங்க."

அத்தை கைப்பிடிச் சுவர்ப் பக்கம் திரும்பினார். தட்டைப் பார்த்தார். கும்மட்டத்தைப் பார்த்தார். ஒரு கச்சோரியை எடுத்து இரண்டாகப் பிட்டார். ஆவி பறந்தது. ஒரு பாதியை முதலில் தன் வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி, நிதானமாக, மருந்து சாப்பிடுகிறவர் மாதிரியும் இல்லை, பசித்தவர் மாதிரியும் இல்லை, கோயிலில் கொடுத்ததைச் சாப்பிடுகிறவர் மாதிரி மென்று விழுங்கினார். பிறகு மறு பாதியை என்னிடம் நீட்டினார்.

"அப்பா திட்டுவாங்க அத்தே."

"திட்டு எனக்குத்தான்ல விழும். தின்னு."

நான் படுத்த வாக்கிலேயே கடித்தேன். அப்படி ஒரு மொறுமொறுப்பு. கடித்ததும் மேல்தோல் உதிர்ந்தது. உதிர்ந்த துகள்கள் கம்பிக்குள் விழுந்தன. வெயில் கோட்டில் மின்னிக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஒரு மாடி, இன்னொரு மாடி என்று இறங்கின. எனக்கு அதன் அழகுதான் தெரிந்தது. எங்கே போய் விழும் என்று யோசிக்கவில்லை.

அப்பாவின் கருநீல ஸ்வெட்டர் கையில் விழுந்தன.

அப்பா கையைப் பார்த்தார். ஒரு துகளை விரல் நுனியில் ஒற்றி எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். என்னைத்தான் பார்க்கிறார் என்று எனக்கு உயிரே போயிற்று. வாய் நிறையக் கச்சோரி. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். அத்தை எனக்குப் பின்னால் சிலை மாதிரி நின்றார்.

பிறகு அப்பா தலையைக் குனிந்தார். பக்கத்தில் ஆறிப்போயிருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு கச்சோரியை எடுத்து, பிட்டு, குழம்பில் தோய்த்து வாயில் போட்டார். அம்மாவின் கை சட்டென்று தன் வாயைப் பொத்தியது.

கல்யாணம் முடிவாகிவிட்டது. எங்கள் கணக்குப்படி.

அவர்கள் கணக்கு வேறு. மாஜி எழுந்து நின்றதும், முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டதும் எனக்கு மேலே இருந்து தெரிந்தது. சற்று முன் விளக்காக இருந்த முகம் அணைந்திருந்தது. மகனைப் பக்கத்தில் இழுத்து ஏதோ சொன்னார். அந்த வீட்டில் ரகசியம் பேச முடியாது. கிணற்றில் பேசினது மாதிரி வார்த்தை நேரே மேலே வந்தது.

"இவங்களுக்குப் பொண்ணு குடுக்க மனசில்லை."

அத்தைக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அவர்கள் பக்கத்துப் பழக்கத்தை ஆபீஸில் கேட்டிருக்கிறார். பெண் கொடுத்த வீட்டில் பெண் வீட்டார் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கொடுத்த வீட்டில் வாங்கித் தின்பது அவர்களுக்குக் கேவலம். அப்பா தண்ணீரும் வேண்டாம் என்றபோது, இது என் தங்கை வாழப் போகிற வீடு என்று அப்பா நினைத்துவிட்டதாக மாஜி பூரித்துப் போயிருந்தார். இப்போது அதே மனிதர் தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட்டால்? இது யாரோ வீடு என்று அர்த்தம். அப்பா வேண்டாம் என்று இருந்தபோது அவர்கள் சரி என்று படித்தார்கள். சரி என்று சொன்னபோது வேண்டாம் என்று படித்தார்கள். அப்பாவோ எதுவும் தெரியாமல் இரண்டாவது கச்சோரியை எடுத்துக்கொண்டிருந்தார்.

டிங் என்று மணி அடித்தது. மாஜியின் மகன் மேலே வருகிறார். அத்தை மணியைக் கேட்டும் நிற்கவில்லை. படிக்குள் பாய்ந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

நடுப்படியில், இருட்டில், இரண்டு பேரும் முட்டிக்கொள்ளாத குறையாக நின்றார்கள். அவர் மேலே பார்த்தபடி. அத்தை கீழே பார்த்தபடி. நான் அத்தையின் முதுகுக்குப் பின்னால்.

"அண்ணா சாப்பிட்டாரே" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது.

"எங்க ஊர்ல சாப்பிட்டா சம்மதம்னு அர்த்தம்!" என்று அத்தை இந்தியில் கத்தினார். கத்த வேண்டிய தூரமே இல்லை.

"அப்ப இவ்வளவு நேரம் ஏன் சாப்பிடலை?"

"இவ்வளவு நேரம் சம்மதம் இல்லை!"

அவர் திரும்ப முடியாமல் கழுத்தை மட்டும் திருப்பிக் கீழே பார்த்துக் கூவினார்: "அம்மா! அவங்க சாப்பிட்டா சரின்னு அர்த்தமாம்!"

கீழேயிருந்து மாஜியின் குரல்: "அரே! அப்ப ரெண்டு எதுக்கு, பத்து சாப்பிடச் சொல்லு!"

"என்னட்டி சொல்லுதாவ?" என்று அப்பா அம்மாவைக் கேட்பதும், "நீங்க வாய நிறுத்தாதீய, தின்னுங்க" என்று அம்மா சொல்வதும் கேட்டன.

படியில் இன்னும் ஒரு காரியம் பாக்கி இருந்தது. யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும். சட்டப்படி பார்த்தால் இறங்குகிற அத்தைதான். அத்தைக்கு அந்தச் சட்டம் தெரியும். திரும்பி மேலே ஏறப் பார்த்தார். அவர் "வேண்டாம்" என்று சொல்லிக் கை காட்டினார். அந்த ஒரு தமிழ் வார்த்தை அவருக்கு எங்கிருந்து வந்ததோ. சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்கினார். அவர் இறங்க இறங்க அத்தை இறங்கினார். படியின் அடியில் எழுந்து நின்று அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கடித்த கச்சோரி.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குப் பயம்தான். அப்பா என் பக்கம் திரும்பும்போதெல்லாம் இதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கவே இல்லை. அப்பாவுக்கும் பசி வந்திருக்கிறது, பசியில் கட்டளையை மறந்துவிட்டார், நான் தப்பித்தேன் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அம்மா ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார், அத்தை ஏன் ஸ்வெட்டரைப் போடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார் என்பதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. வீடு எவ்வளவு உயரம் என்பதையே நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

இதற்குள் எந்த வீடு என்று கண்டுபிடித்திருப்பீர்கள். அத்தைப் பாட்டி வீடுதான். நீங்கள் மணி அடிக்கச் சண்டை போடுகிற அதே வீடு. பின்பக்கமாகப் படி இறங்கினவர் உங்கள் கண்ணாடித் தாத்தா.

அத்தை இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், "நான் சாப்பிட்டத அண்ணன் பாத்துட்டாவ. அதான் மனசு மாறிச்சு" என்பார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். உங்கள் தாத்தாவிடம் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கேட்பதற்குள் அவர் போய்விட்டார்.

போன ஆகஸ்ட் பதினைந்து அன்று நாம் எல்லோரும் அங்கே போயிருந்தோம் இல்லையா. பட்டம் விட எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டீர்கள். நான் மட்டும் கீழே தங்கிவிட்டேன். பெஞ்சின் முனையில், தாத்தா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தினேன்.

தினமும் லிஃப்ட் குழிக்குள் நின்று மேலே பார்க்கிற கண் என்னுடையது. அந்தக் கண்ணுக்கே ஒன்றும் தெரியவில்லை. கம்பிக்கு மேல் கம்பி, உச்சியில் கண் கூசுகிற ஒரு துண்டு வெளிச்சம். யாரோ குறுக்கே ஓடினீர்கள். கறுப்பாக ஒரு நிழல். அது பெரியவளா, சின்னவனா என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. அத்தை நின்ற இடமோ அந்தச் சதுரத்திலேயே வராது.

உங்கள் தாத்தா அன்றைக்கு யாரையும் பார்க்கவில்லை. அவர் கையில் இருந்தது ஒரு துகள் மட்டும்தான். யார் தின்றது என்றுகூடத் தெரியாமல்தான் அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்திருக்கிறார்.

எழுந்து படியின் அடிக்குப் போனேன். மேலே இருக்கிற யாரும் இப்போது இறங்கப் போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் கயிற்றைப் பிடித்து ஒரு தடவை இழுத்துவிட்டுத்தான் ஏறினேன்.